முன்பாரமும் மழைத்தண்ணீரும்: வீட்டிலேயே டியர்டிராப் டிரெய்லர் கட்ட நினைப்பவருக்கு

டியர்டிராப் என்பது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் குட்டிப் படுக்கை வண்டி; அதன் பின்மூடியைத் தூக்கினால் அடுக்களை. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் இருக்கும் ஒருவர் கேட்டது இது: “ஹோண்டா சிஆர்-வி கார் வைத்திருக்கிறோம். நான், மனைவி, 5 வயது மகன். இரண்டு கார் நிற்கும் கராஜ் இருக்கிறது. மரவேலையில் ஒரு புத்தக அலமாரி செய்த அனுபவம்தான். 4 அடிக்கு 8 அடி மடக்கு டிரெய்லர் ஒன்றை வாங்கி, அதன்மேல் டியர்டிராப் கட்டலாமா? முழுக்க முக்கால் அங்குல பிளைவுட் போட்டால் உறுதியாக இருக்கும் அல்லவா? குயீன் மெத்தை வேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை.”

கட்டலாம். ஆனால் நீங்கள் சொன்ன அளவில், நீங்கள் சொன்ன பிளைவுட்டில் கட்ட வேண்டாம். நான் 2021 இலையுதிர் காலத்தில் ஆரம்பித்து ஏழு மாத வார இறுதிகளைச் செலவழித்து ஒன்று கட்டினேன். அதில் இரண்டு பெரிய தவறுகள் செய்தேன். ஒன்று பாரத்தில், இன்னொன்று தண்ணீரில். வளைவு, ஜன்னல், வண்ணம் எல்லாம் பார்ப்பவர் கண்ணுக்கு. இந்த வண்டி உருப்படுமா உருப்படாதா என்பது அந்த இரண்டில் இருக்கிறது. அதனால் என் பதிலும் அந்த இரண்டிலேயே அதிகம் நிற்கும்.

முதலில் அளவு. டியர்டிராப் என்ற கண்ணீர்த்துளி வடிவ வண்டி 1930களில் அமெரிக்காவில் பரவியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அலுமினியத் தகடு தாராளமாகக் கிடைக்க, வீட்டிலேயே கட்டுவோர் பெருகினார்கள். மெக்கானிக் பத்திரிகைகள் வரைபடம் போட்டன. அந்த வரைபடங்களில் பெரும்பாலும் நீளம் 8 அடி, உயரம் 4 அடி. காரணம் அழகுணர்ச்சி இல்லை. மரக்கடையில் பிளைவுட் 4 அடிக்கு 8 அடித் தாளாகத்தான் விற்கிறது. ஒரு தாள், ஒரு பக்கச் சுவர். வெட்டி மிஞ்சும் மூலைத் துண்டுகளில் அலமாரிக் கதவு. இந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை.

சுவரின் உயரமும் நீளமும் இப்படி அமைந்துவிடும். அகலத்தை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 4 அடி அகலச் சட்டகத்தின்மேல் இரு பக்கமும் முக்கால் அங்குலச் சுவர் நிறுத்தினால், உள்ளே மிஞ்சுவது 46½ அங்குலம். குயீன் மெத்தையின் அகலம் 60 அங்குலம், நீளம் 80. ஆக, மடக்கு டிரெய்லரும் குயீன் மெத்தையும் ஒரே வண்டியில் சேராது. 5 அடி அகலச் சட்டகம் வாங்கினால் உள்ளே 58½ அங்குலம். ஃபோம் மெத்தை என்றால் ஒன்றரை அங்குலத்தை நெருக்கித் திணித்துவிடலாம். 96 அங்குல நீளத்தில் மெத்தைக்கு 80 போக, பின்னால் 16 அங்குலம் அடுக்களைக்கு. அது குறைவாகத் தோன்றும். ஆனால் மேல் அலமாரிகளைப் படுப்பவர்களின் காலுக்கு மேலே நீட்டிக் கட்டிக்கொள்ளலாம்.

மகன் விஷயத்தில் மட்டும் உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. காலடியில் குறுக்காக ஒரு சின்னப் பரண் போட்டுக் குழந்தையைப் படுக்க வைப்பவர்கள் உண்டு. 5 வயதுப் பிள்ளையின் உயரம் சுமாராக 43 அங்குலம். உங்கள் பரணின் நீளம் 58. மூன்று நான்கு ஆண்டுகள் தாங்கும். பிறகு அவனுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம். அவன் அதைத்தான் விரும்புவான்.

வரைபடத்தைத் தொடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். கராஜ் தரையில் 58½ அங்குல அகலத்துக்கு டேப் ஒட்டி, இருபுறமும் அட்டைப்பெட்டிகளைச் சுவராக அடுக்கி, மெத்தை போட்டு ஒரு இரவு மூவரும் படுத்துப் பாருங்கள். நான் அதைச் செய்யவில்லை. சுவர்கள் எழுந்த பிறகுதான் என் மனைவி உள்ளே படுத்து, “எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கிறதே” என்றாள். மெத்தையின் தடிமனை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. 6 அங்குல மெத்தையை 4 அங்குலமாக்கி அன்று சமாளித்தேன். கராஜ் கதவின் உயரத்தையும் அளந்து வையுங்கள். வழக்கமான கதவு 7 அடிதான். கூரை மின்விசிறியின் மூடி உட்பட வண்டி அதற்குள் அடங்க வேண்டும்.

இனி பாரம்.

எங்கள் ஊர்ப்பக்கம் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளக்கம் தேவையில்லை. பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ளும், நுகத்தடி மாட்டின் கழுத்தில் நிற்காது. முன்பாரம் அதிகமானால் மாடு மூச்சுவாங்கும். அளவான முன்பாரத்தோடு ஏற்றுவதுதான் வண்டிக்காரனின் திறமை. காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லருக்கும் இதே விதிதான். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்கம்பு வழியாகக் காரின் பின்னாலுள்ள ஹிட்ச் என்ற இணைப்பு உருண்டைமேல் அழுத்த வேண்டும். அதற்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும்.

அந்த வாலாட்டத்தை நான் அனுபவித்தேன். முதல் பயணம் லாசென் எரிமலைப் பூங்காவுக்கு. வெறும் வண்டியில் முன்பாரம் 110 பவுண்டு இருந்தது, திருப்தியாக இருந்தேன். பிறகு மனைவி அடுக்களையை நிரப்பினாள்: ஐஸ் பெட்டி, 5 காலன் தண்ணீர், இரும்புத் தோசைக்கல், கேஸ் அடுப்பு, அரிசி பருப்பு. 60 பவுண்டு பேட்டரியையும் இடம் இருக்கிறதே என்று அடுக்களைக்குக் கீழேதான் வைத்திருந்தேன். ஐ-5 நெடுஞ்சாலையில் ஒரு பெரிய மோட்டார் ஹோம் எங்களை முந்திப் போனது. அது தள்ளிய காற்றில் டிரெய்லர் ஒருமுறை அசைந்தது. அடுத்து இன்னும் சற்று அதிகமாக. மூன்றாவது அசைவில் காரின் பின்பக்கத்தையே பிடித்துத் திருப்புவது போல் இருந்தது. பிரேக்கை மிதிக்கத்தான் கால் போனது. மிதிக்கக் கூடாது. மிதித்தால் பின்னால் வருவது முன்னால் இருப்பதைத் தள்ளி, இரண்டும் மடங்கிக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். அப்படித்தான் தப்பினோம். வீட்டுக்கு வந்து அதே சாமான்களோடு நிறுத்தி முன்பாரத்தை அளந்தேன். 45 பவுண்டு. மொத்த எடை 1,180. நான்கு விழுக்காடுகூட இல்லை.

கணக்கு எளிது. உங்கள் வண்டியின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளி அச்சுக்கு எத்தனை அங்குலம் முன்னால் இருக்கிறது என்பதை, ஹிட்ச் உருண்டையிலிருந்து அச்சுவரை உள்ள தூரத்தால் வகுங்கள். உருண்டையிலிருந்து அச்சு 100 அங்குலம், எடைப்புள்ளி அச்சுக்கு 12 அங்குலம் முன்னால் என்றால் முன்பாரம் 12 விழுக்காடு. தனித்தனிப் பொருளுக்கும் இதே வாய்ப்பாடுதான். என் பேட்டரி அச்சுக்கு 40 அங்குலம் பின்னால் இருந்தது. அதை முன்கம்பின்மேல் ஒரு பெட்டி அடித்து, அச்சுக்கு 75 அங்குலம் முன்னால் கொண்டுபோனேன். நகர்ந்த தூரம் 115 அங்குலம், எடை 60 பவுண்டு, வகுக்கும் எண் 100. முன்பாரம் 69 பவுண்டு கூடியது. ஒரு பேட்டரியை இடம் மாற்றியதில் 45 என்பது 114 ஆனது. தோசைக்கல்லையும் கருவிப்பெட்டியையும் முன்னால் கொண்டுவந்ததும் 130-ஐத் தொட்டது. அதன்பிறகு வண்டி அசையவில்லை.

டியர்டிராப்பின் அடுக்களை வால்பக்கம் இருப்பதால், அது பிறவியிலேயே பின்பாரம் கொண்ட வண்டி. ஆகவே அச்சை உடலின் நடுவில் வைக்காதீர்கள். உடல் நீளத்தில் முன்பக்கம் 60 விழுக்காடு, பின்பக்கம் 40 விழுக்காடு என்று பிரியும் இடத்தில் ஆரம்பித்து, உங்கள் சாமான் பட்டியலை வைத்து மேற்சொன்ன கணக்கைப் போட்டுத் திருத்துங்கள். அளப்பதற்குக் குளியலறை எடைக்கருவியே போதும். கருவியின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, முன்கம்பு காரில் பூட்டும்போது எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் அதன்மேல் இறக்குங்கள். கட்டையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாமானும் ஏற்றிய பிறகு அளக்க வேண்டும். வெறும் வண்டியில் அளந்த கணக்கு என்னைப் போல் உங்களையும் ஏமாற்றும்.

மொத்த எடைக்கும் உங்களுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் பெட்ரோல் சிஆர்-வி இழுக்கக்கூடியது 1,500 பவுண்டு. ஹைப்ரிட் என்றால் அதைவிடக் குறைவு, கையேட்டைப் பாருங்கள். முன்பாரத்துக்கும் அதில் தனி வரம்பு இருக்கும். கலிஃபோர்னியாவில் மொத்த எடை 1,500 பவுண்டையோ அதற்கு மேலோ தொடும் முகாம் டிரெய்லருக்குச் சக்கரத்தில் பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆக 1,500 உங்களுக்கு இரண்டு வகையிலும் எல்லை. நான் 1,250-ஐக் குறிவைப்பேன். தோராயமாகச் சொல்கிறேன்: சட்டகமும் சக்கரமும் 350, மரமும் தகடும் 450, கதவு ஜன்னல் மின்விசிறி 100, மெத்தை 40, லித்தியம் பேட்டரி 30, ஐஸ் பெட்டியும் அடுக்களையும் 150, தண்ணீர் 42, துணிமணி நாற்காலி 80. கூட்டினால் 1,242. அதற்கு முன்பாரம் 125-க்கும் 150-க்கும் நடுவில்.

இப்போது உங்கள் முக்கால் அங்குல பிளைவுட்டுக்கு வருவோம். அந்தத் தாள் ஒன்று 60, 70 பவுண்டு இருக்கும். தரை, சுவர், தடுப்பு, அலமாரி என்று எல்லாவற்றுக்கும் அதையே போட்டால் மரம் மட்டுமே உங்கள் கணக்கைத் தின்றுவிடும். உறுதி மரத்தின் கனத்தில் இல்லை, ஒட்டிய அடுக்குகளில் இருக்கிறது. சுவருக்கு முக்கால் அங்குலத் தாளையே எடுங்கள். ஆனால் ஓரத்திலும் கதவைச் சுற்றியும் இரண்டு மூன்று அங்குலச் சட்டம் மட்டும் விட்டு, நடுப்பகுதிகளை ஜன்னல் ஜன்னலாக வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தக் குழிகளில் இன்சுலேஷன் ஃபோமை அடைத்து, உள்ளேயும் வெளியேயும் எட்டில் ஒரு அங்குல பிளைவுட்டைப் பசை போட்டு ஒட்டுங்கள். எடை பாதிக்குப் பாதி குறையும், குளிரும் உள்ளே வராது.

வளைவை வரைய கம்ப்யூட்டர் தேவையில்லை. மெல்லிய மரக்கீற்று ஒன்றை நான்கைந்து ஆணிகளுக்கு நடுவே வளைத்து, அதன் ஓரமாகப் பென்சிலை இழுத்தால் கோடு தானாக அழகாக விழும். ஒரு சுவரை ஜிக்சாவால் வெட்டி, ஓரத்தைத் தேய்த்துச் செம்மையாக்கி, இரண்டாவது தாளின்மேல் கிளாம்ப் போட்டு, ஓரம் செதுக்கும் ரூட்டர் கருவியை ஓட்டி அச்சாக எடுங்கள். இரண்டும் இம்மியும் மாறக் கூடாது. மாறினால் கூரை முறுக்கிக்கொள்ளும். கூரைத் தாள் முன்பக்கத்தின் கூர்மையான வளைவில்தான் அடம்பிடிக்கும். எட்டில் ஒரு அங்குல பிர்ச் தாளை, நார் வண்டியின் குறுக்காக ஓடும்படி வைத்து, வெந்நீர் நனைத்த துண்டுகளைப் போர்த்தி, இழுவைப் பட்டைகளால் மெதுவாக இறுக்கி ஒரு இரவு விட்டால் படிந்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம் கேட்கும். ஒரு தாள் போயிற்று என்று அர்த்தம்.

பின்மூடிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதன் விலா எலும்புகள் போன்ற வளைந்த மரச்சட்டங்களின்மேல் தாளை வளைத்து ஒட்டிவிட்டு, மறுநாள் கழற்றினால் மூடி கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். பிறகு கீழ் ஓரம் எங்கும் பொருந்தாது. விலாக்களைப் பக்கச் சுவரின் வளைவைவிடச் சற்றே இறுக்கமாக வெட்டுங்கள். உள்தாள், வெளித்தாள் இரண்டையும் மூடி வண்டியில் பூட்டியிருக்கும்போதே ஒட்டிக் காய விடுங்கள். மேலே சாதாரணக் கீல் வேண்டாம். இரண்டு அலுமினியப் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சுழலும் கீல் இதற்கென்றே விற்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் இறங்குவது அரிது.

தண்ணீர் என்றதும் சித்தப்பா நினைவு வருகிறது. அவர் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர். போனில் என் வண்டியின் படங்களைப் பார்த்துவிட்டு, வளைவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “கதவுக்குக் கீழே என்ன போட்டிருக்கிறாய்?” என்று மட்டும் கேட்டார். பிளைவுட் ஓரத்துக்கு இரண்டு கோட் பெயிண்ட் என்றேன். “பஸ் மேலே ஒழுகினால் பயணி கத்துவான், உடனே தெரிந்துவிடும். கீழே அழுகினால் யாரும் கத்த மாட்டார்கள்” என்றார்.

ஒரு குளிர்காலம் போயிற்று. வசந்தத்தில் கதவுப்படிக்குக் கீழே உள்ளங்கை அளவு கறுப்பாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். வாழைப்பழத்தில் ஊசி போல் இறங்கியது. தரையில் ஒன்றரை அடியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டினேன். இரண்டு வார இறுதிகள் அதற்கே போயின.

பிளைவுட் தன் முகத்தால் தண்ணீர் குடிப்பதைவிட ஓரத்தால் பலமடங்கு குடிக்கும். அதனால் வெட்டிய ஒவ்வொரு ஓரமும், துளைத்த ஒவ்வொரு துளையும், பூட்டுவதற்கு முன்பே எபாக்ஸிப் பிசினைக் குடித்திருக்க வேண்டும். முதல் பூச்சை அது உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாவது பூச்சுதான் மேலே நிற்கும். தரையின் அடிப்பக்கத்தைச் சட்டகத்தில் வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள், பிறகு அங்கே உங்கள் கை போகாது. மலிவான வழி ஒன்றும் உண்டு: எண்ணெய் அடிப்படையிலான பாலியுரேத்தேனில் மினரல் ஸ்பிரிட் கலந்து நீர்க்க வைத்து, மரம் போதும் என்னும்வரை ஊட்டுவது. முதல் கோட்டில் ஸ்பிரிட் அதிகம், கடைசிக் கோட்டில் பாலியுரேத்தேன் அதிகம். காய நாளாகும். ஆனால் நன்றாக உழைக்கிறது.

வெளித்தோலுக்கு அலுமினியத் தகடு அழகு. கேன்வாஸ் துணியை நீர் தாங்கும் மரப்பசையால் ஒட்டி, மேலே வீட்டு வெளிச்சுவர்ப் பெயிண்டை அடிப்பது சிக்கனம். இங்கே அதை ஏழையின் ஃபைபர்கிளாஸ் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். புத்தக அலமாரி அனுபவத்தோடு வரும் உங்களுக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன். கிழிந்தால் ஒரு துண்டுத் துணியும் பசையும் போதும். அலுமினியம்தான் வேண்டும் என்றால், பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய மரத்தை அதற்குப் பக்கத்தில் எங்கும் வைக்காதீர்கள். அந்த மருந்து அலுமினியத்தை அரித்துத் துளையாக்கிவிடும். சட்டங்களுக்கும் ஜன்னல் ஓரங்களுக்கும் அடியில் பியூட்டைல் என்ற ரப்பர் பசை டேப் போடுங்கள். சிலிக்கான் வேண்டாம். ஒருமுறை பட்ட இடத்தில் பெயிண்டும் ஒட்டாது, அடுத்த முறை சிலிக்கானே சரியாக ஒட்டாது.

வெளியிலிருந்து வரும் தண்ணீர் போக, உள்ளிருந்து வருவதும் உண்டு. மூவர் ஒரு இரவு மூச்சு விட்டால் காலையில் கூரையிலிருந்து சொட்டும். 14 அங்குலச் சதுரக் கூரை மின்விசிறி ஒன்று கட்டாயம். அதை மெதுவாக வெளிப்பக்கம் ஓட விட்டு, எதிர்ப்பக்க ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள். எத்தனை குளிராக இருந்தாலும் உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் ஒரு இரவுகூடப் பிள்ளையை உள்ளே படுக்க வைக்காதீர்கள்.

கதவுகளை நீங்களே செய்ய வேண்டாம். சட்டகத்தோடு, ரப்பரோடு விற்கும் ஆயத்தக் கதவை வாங்கி, அதன் அளவுக்குச் சுவரை வெட்டுங்கள். என் செலவு ஏறத்தாழ 4,500 டாலர். அதில் நான் வருந்தாத செலவு இந்தக் கதவுகள்.

மின்சாரத்தில் பெரிய வித்தை இல்லை. பின்விளக்குக்கு நான்கு கம்பி: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடப்பக்கத் திருப்பமும் பிரேக்கும், பச்சை வலப்பக்கத்துக்கு. விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பத்தில் ஒன்பது தடவை வெள்ளைக் கம்பிதான் குற்றவாளி. பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரியும் இடத்தில் அதைப் பூட்டுங்கள். பேட்டரியிலிருந்து புறப்படும் கம்பியில் முதல் ஒரு சாணுக்குள் ஃப்யூஸ் இருக்கட்டும். கம்பிகளைக் கூரைத் தாள் ஒட்டுவதற்கு முன்பே ஓட்டிவிடுங்கள். நான் ஒன்றை மறந்து, இன்றும் அந்த வாசிப்பு விளக்குக்கு வெளியே தெரியும்படிதான் கம்பி ஓடுகிறது.

சட்டகம் வாங்கும்போது அதன் உற்பத்தியாளர் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மரக்கடை ரசீது, திருகு வாங்கிய ரசீது வரை ஒரு கவரில் போட்டு வையுங்கள். வீட்டில் கட்டிய வண்டியைப் பதிவு செய்யும்போது மோட்டார் வாகன அலுவலகத்தில் அந்தக் கவர்தான் பேசும். லாரிகள் நிற்கும் இடத்து எடைமேடையில் ஒரு சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இலைஸ்பிரிங்கா, உள்ளே ரப்பர் முறுக்கிக் குலுக்கலைத் தாங்கும் டார்ஷன் அச்சா என்று யோசிப்பீர்கள். கையில் பணம் இருந்தால் டார்ஷன் அச்சை உங்கள் எடைக்கு ஏற்பச் சொல்லிச் செய்து வாங்குங்கள். 3,000 பவுண்டு தாங்கும் ஸ்பிரிங்கின்மேல் 1,200 பவுண்டு உடலை வைத்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் அடுக்களைப் பாத்திரங்கள் கச்சேரி நடத்தும், திருகுகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

முதல் 50 மைல் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளை முன்கம்புக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். ஒருவேளை உருண்டையைக் கவ்வும் கப்ளர் கழன்றாலும் முன்கம்பு அந்தத் தொட்டிலில் விழும், ரோட்டில் குத்தாது. உருண்டை 2 அங்குலமா, 1⅞ அங்குலமா என்று கப்ளரின்மேல் பொறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். டிரெய்லர் இழுக்கும்போது கலிஃபோர்னியாவில் வேக வரம்பு 55 மைல். உங்களுக்குப் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

யோசமிட்டி போன்ற கரடிக் காட்டுக்குப் போனால், அடுக்களையில் இருக்கும் எல்லா உணவையும் இரவில் முகாமின் இரும்புப் பெட்டிக்குள் மாற்றிப் பூட்ட வேண்டும். பின்மூடிக்குள் சாம்பார்ப்பொடி டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். ஏழு மாதம் உழைத்து ஒட்டிய மூடியைத் திறக்கக் கரடிக்கு ஏழு நிமிடம்கூட வேண்டாம்.